இணையம் இல்லாத இடத்திலும் இயங்கும் செயலி: ஃபிரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுக்கும் முறை, படிப்படியாக

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுக் கணக்கு எழுதுபவர்களுக்காக நானும் நண்பர்கள் இருவரும் ஒரு செயலியைச் செய்து முடித்தோம். அதன் பிறகு ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இளைஞர்கள் சிலர் இதே வகைச் செயலிகளைச் செய்யத் தொடங்கியபோது, அவர்கள் அருகில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது. ஏறத்தாழ எல்லோரும் முதல் நாளே கேட்ட கேள்வி ‘ஃபிளட்டரா, ரியாக்ட் நேட்டிவா?’ என்பதுதான். இவை இரண்டும் ஃபிரேம்வொர்க்குகள், அதாவது செயலியைக் கட்ட உதவும் ஆயத்தச் சட்டகங்கள். அந்தக் கேள்வி ஆறாவது படியில் வர வேண்டியது. முதல் படியிலேயே அதற்கு விடை சொல்லிவிட்டவர்கள், மூன்று மாதம் கழித்துத் தரவைச் சேமிக்கும் முறையில் சிக்கி, எழுதியதில் பாதியைக் கலைத்து மறுபடியும் எழுதினார்கள்.

நெடுநாள் நிலைக்கும் ஃபிரேம்வொர்க் என்று நான் சொல்வதன் பொருள் இது: ஐந்து ஆண்டுகள் கழித்து அது பராமரிப்பில் இருக்க வேண்டும், இல்லாமல் போனால், தரவையும் கணக்கு விதிகளையும் சில வாரங்களில் வேறொன்றுக்கு எடுத்துச் செல்ல நம்மால் முடிய வேண்டும். முன்னது நம் கையில் இல்லை, பின்னது இருக்கிறது. ஆகவே கீழே உள்ள படிகளில் பெரும்பகுதி பின்னதைப் பற்றியது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

செயலியைப் பயன்படுத்தப்போகிறவர்களிடம் உள்ள போன்களிலேயே மிகவும் மெதுவான ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிய போனில் சீராக ஓடும் திரை, சேமிப்பிடம் நிறைந்துபோன பழைய போனில் எப்படித் திணறுகிறது என்பதை எந்த எமுலேட்டரும் (கணினியில் போனைப் போல நடிக்கும் மென்பொருள்) காட்டாது.

அவர்கள் இப்போது எழுதும் நோட்டுப் புத்தகத்தின் பத்துப் பக்கங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடித்துத் திருத்திய இடங்கள் உள்ள பக்கங்களாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் திருத்தம் எப்படி நடக்கிறது என்பதை இரண்டாம் படியில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

ஐபோனுக்கும் செய்வதாக இருந்தால் ஒரு மேக் கணினி தேவை. ஆப்பிளின் டெவலப்பர் கணக்குக்கு ஆண்டுதோறும் 99 டாலர் கட்ட வேண்டும். கூகுள் பிளேயில் 25 டாலர் ஒரே முறை கட்டினால் போதும். பயனர்களில் ஐபோன் வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை என்றால் அந்தப் பக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ‘பின்னால் தேவைப்படலாம்’ என்று சொல்லி வேலையை இரட்டிப்பாக்கிக்கொண்டவர்கள் பலர்.

1. இணையம் எவ்வளவு நேரம் இருக்காது என்று அளந்து எழுதுங்கள்

‘ஆஃப்லைன்’ என்ற ஒரே சொல் மூன்று வேறு நிலைகளைக் குறிக்கிறது. வண்ணாரப்பேட்டையில் தரைக்கடியில் மெட்ரோவில் போகும்போது சில நிமிடம் சிக்னல் விட்டுவிட்டு வருவது ஒரு நிலை. மணலிப் பக்கம் கன்டெய்னர்கள் அடுக்கிய யார்டிலோ, தகரக் கூரை போட்ட குடோனிலோ, பாதி நாள் சிக்னல் இல்லாமல் வேலை செய்வது இன்னொரு நிலை. கரையை விட்டுப் பல நாள் கடலில் தங்கும் விசைப்படகு மூன்றாவது நிலை; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சாரமும் டவரும் நாள்கணக்கில் இல்லாமல் போன தெருக்களையும் இதில்தான் சேர்க்க வேண்டும்.

முதல் நிலைக்குச் சர்வரிலிருந்து வந்ததைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டால் போதும். இரண்டாவதற்கு, எழுதுவதும் போனிலேயே நடக்க வேண்டும். மூன்றாவதற்கு முழுத் தரவுத்தளமும் போனிலேயே இருக்க வேண்டும். சர்வர் என்பது அதன் பிரதியாகவே இருக்கும். எந்த நிலை என்று எழுதி வைக்காமல் தொடங்கினால், முதல் நிலைக்கான வடிவமைப்பைச் செய்து மூன்றாம் நிலைக்கு ஒட்டுப்போட வேண்டி வரும். அந்த ஒட்டு நிற்பதில்லை.

2. எந்தப் பதிவை யார் எழுதுகிறார் என்று பட்டியலிடுங்கள்

இரண்டு போன்களில் ஒரே பதிவை இருவர் திருத்தி, பிறகு இரண்டும் சர்வரில் மோதினால் என்ன செய்வது என்ற கவலையோடுதான் புதியவர்கள் பலர் கனமான ஒத்திசைவுச் சேவைகளை (போன்களிலும் சர்வரிலும் உள்ள தரவை ஒன்றாக்கும் சேவைகளை)த் தேடிப் போகிறார்கள். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் அந்த மோதல் பெரும்பாலும் இல்லை என்று தெரியும். எங்கள் செயலியில் ஏலத்தில் விழுந்த விலையை ஏலக் கணக்கர் ஒருவர்தான் எழுதுகிறார். டீசல், ஐஸ், தண்ணீர்ச் செலவைப் படகைச் சேர்ந்தவர் எழுதுகிறார். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கிறார், திருத்துவதில்லை.

திருத்தம் வேண்டியிருந்தால் பழைய பதிவை மாற்றாமல், அதைச் சுட்டும் புதிய பதிவு ஒன்றைச் சேருங்கள். நோட்டில் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுவதும் இதுதான். சேர்ப்பது மட்டுமே நடக்கும் அட்டவணையில் மோதல் எழ இடமில்லை. வருமானத்தைப் பிரிக்கும் பங்குக் கணக்கில் சச்சரவு வந்தாலும் யார் எப்போது எதை மாற்றினார் என்பது அப்படியே இருக்கும். உண்மையிலேயே இருவர் திருத்தும் புலங்கள் (எங்களுக்கு அது வியாபாரியின் தொலைபேசி எண் ஒன்றுதான்) எஞ்சினால், அவற்றுக்கு மட்டும் ‘கடைசியாக எழுதியது நிற்கும்’ என்ற விதி போதுமா என்று பயனரிடமே கேளுங்கள்.

3. சேமிப்பிடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஃபிரேம்வொர்க்குகள் மாறும், அவற்றுக்கு அடியில் உள்ள தரவுக் கோப்பு அவற்றைவிட நெடுநாள் வாழ வேண்டும். என் பரிந்துரை எஸ்கியூலைட், அதிலும் எந்த மேல்பூச்சும் இல்லாத எஸ்கியூலைட் கோப்பு. 2000-இல் வெளிவந்த இந்தத் தரவுத்தளம் யாரும் உரிமம் இன்றிப் பயன்படுத்தும்படி பொதுவில் விடப்பட்டது. 2050 வரை பராமரிப்பதாக அதை உருவாக்கியவர்கள் அறிவித்திருக்கிறார்கள். கீழே பேசப்படும் எல்லா ஃபிரேம்வொர்க்குகளிலிருந்தும் இதைத் திறக்கலாம், கணினியிலும் திறக்கலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நடந்ததையும் பாருங்கள். ரெல்ம் என்ற மொபைல் தரவுத்தளத்தோடு இணைந்த ஒத்திசைவுச் சேவையை நிறுத்தப்போவதாக மோங்கோடிபி 2024 செப்டம்பரில் அறிவித்தது. 2025 செப்டம்பர் 30 கடைசி நாளாக வைக்கப்பட்டது. சேமிப்பையும் ஒத்திசைவையும் ஒரே சேவையிடம் கொடுத்திருந்தவர்கள் ஓராண்டுக்குள் இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும்படி இரண்டையும் பிரித்து வைப்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

புதியவர்கள் இங்கே செய்யும் பிழைகளில் முதலாவது, எல்லாவற்றையும் ஒரே ஜேசான் (தரவை எழுதும் ஓர் உரை வடிவம்) உரையாக்கி அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தில் போட்டுவிடுவது. ரியாக்ட் நேட்டிவில் பலரும் எடுக்கும் அசிங்க் ஸ்டோரேஜ் ஆண்ட்ராய்டில் இயல்பாக 6 எம்பி வரைதான் கொள்ளும். சோதனைத் தரவில் இது தெரியாது, ஒரு பருவம் முழுக்க எழுதிய பிறகே தெரியும்.

இரண்டாவது பிழை காப்புப் பிரதி எடுப்பதில் நிகழ்கிறது. வால் (WAL) என்ற முறையில் இயங்கும் எஸ்கியூலைட், புதிதாக எழுதியவற்றை முதலில் பக்கத்தில் உள்ள துணைக் கோப்பில் வைத்திருக்கும். ஒருவர் முதன்மைக் கோப்பை மட்டும் பிரதியெடுத்துப் பென்டிரைவில் கொடுத்தார். அன்று காலை நடந்த ஏலம் முழுவதும் அதில் இல்லை. கோப்பை அப்படியே நகலெடுக்காமல், எஸ்கியூலைட் தரும் பேக்கப் வசதியையோ ‘வேக்யூம் இன்டு’ கட்டளையையோ பயன்படுத்துங்கள்.

மூன்றாவது தமிழுக்கே உரியது. வழிகாட்டிகளில் இதை நான் அதிகம் பார்க்காததால் சற்று விரித்துச் சொல்கிறேன். எஸ்கியூலைட்டின் எஃப்டிஎஸ்5 முழுவுரைத் தேடல், இயல்பு அமைப்பில், எழுத்து, எண் என்ற யூனிகோடு வகைகளை மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. நம் புள்ளியும் துணை எழுத்துகளும் ‘குறி’ என்ற வேறு வகையைச் சேர்ந்தவை. ஆகவே அவை இருக்கும் இடமெல்லாம் சொல் வெட்டப்படுகிறது. ‘வஞ்சிரம்’ என்பது ‘வஞ’, ‘ச’, ‘ரம’ என்று மூன்று துண்டாகி, தேடலில் தொடர்பில்லாதவையும் வந்து விழும். அட்டவணையை உருவாக்கும்போதே டோக்கனைசரின் (உரையைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதியின்) வகைப் பட்டியலில் ‘எம்’ என்று தொடங்கும் குறி வகைகளையும் சேர்த்துவிடுங்கள். போனோடு வரும் எஸ்கியூலைட்டின் பதிப்பு ஆண்ட்ராய்டுக்கு ஆண்ட்ராய்டு வேறுபடும் என்பதால், செயலிக்குள்ளேயே ஒரே பதிப்பை வைத்து அனுப்புவது பாதுகாப்பு.

அதோடு, ‘கொடுவா’ என்பதில் உள்ள ‘கொ’வை ஒற்றை ஒகரக் குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக வந்தும் எழுதலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் உரையை என்எஃப்சி (இப்படிப் பலவாறு எழுதியதை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) வடிவுக்கு மாற்றுங்கள். இதைச் செய்யாததால் ஒரே வியாபாரியின் பெயர் பட்டியலில் இரண்டு முறை வந்து, நிலுவைத் தொகை இரண்டாகப் பிரிந்து நின்றதைக் கண்டிருக்கிறேன்.

4. அடையாள எண், நேரம், பணம்

பதிவுகளுக்கு 1, 2, 3 என்று தானாக ஏறும் எண் தராதீர்கள். கடலில் உள்ள இரண்டு போன்களும் 41 என்ற எண்ணில் ஆளுக்கொரு பதிவை எழுதிக்கொண்டு கரைக்கு வரும். யூயூஐடி (எந்தப் போனில் உருவானாலும் இன்னொன்றோடு மோதாத நீண்ட அடையாள எண்) பயன்படுத்துங்கள், 2024 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணம் வரையறுக்கும் ஏழாம் பதிப்பில் நேரமும் கலந்திருப்பதால் பதிவுகள் ஏறத்தாழ எழுதிய வரிசையிலேயே அமையும்.

போனின் கடிகாரத்தை மட்டும் நம்பி வரிசைப்படுத்த வேண்டாம். எழுதிய நேரம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் தனித்தனியாக வைத்திருங்கள். பணத்தைப் பைசாவிலும் எடையைக் கிராமிலும் முழு எண்ணாகச் சேமியுங்கள். பின்ன எண்ணில் சேமித்துக் கூட்டினால் பங்கு பிரிக்கும்போது சில்லறை ஒத்துவராது.

5. ஒத்திசைவைத் தாளில் வரையுங்கள்

‘அனுப்ப வேண்டியவை’ என்று ஓர் அட்டவணை வையுங்கள். பதிவை எழுதும் அதே (முழுதாக நடக்கும், இல்லையென்றால் எதுவுமே நடக்காத) டிரான்சாக்‌ஷனில் இந்த அட்டவணையிலும் ஒரு வரி எழுதப்பட வேண்டும். இரண்டையும் தனித்தனியாக எழுதினால், நடுவில் பேட்டரி தீர்ந்துபோகும் நாளில் பதிவு போனில் இருக்கும், சர்வருக்கு ஒருபோதும் போகாது. அது போகவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது.

ஒரே பதிவு இரண்டு முறை வந்தாலும் சர்வர் ஒன்றாகவே கொள்ள வேண்டும். சிக்னல் மங்கிய இடத்தில் பதிவு போய்ச் சேர்ந்துவிடும், ‘சேர்ந்தது’ என்ற பதில் மட்டும் திரும்பி வராது. போன் மறுபடியும் அனுப்பும். முந்தைய படியில் கொடுத்த யூயூஐடி இங்கேதான் உதவுகிறது. நீக்கப்பட்டவற்றையும் உடனே அழிக்காமல் ‘நீக்கப்பட்டது’ என்று குறித்து வையுங்கள், இல்லையென்றால் மற்ற போன்களுக்கு அந்தச் செய்தி போகாது.

பின்னணியில் தானாக அனுப்பிக்கொள்ளும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். பின்னணி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆண்ட்ராய்டின் வொர்க்மேனேஜரில் திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். பேட்டரிச் சேமிப்பில் அது இன்னும் தள்ளிப்போகும். ஐபோனில் எப்போது ஓட்டுவது என்பதை இயங்குதளமே முடிவு செய்கிறது. எந்த ஃபிரேம்வொர்க்கை எடுத்தாலும் இந்த வரம்புகள் மாறாது. ஆகவே முதல் திரையிலேயே ‘இன்னும் அனுப்பாதவை: 7’ என்ற எண்ணையும், ஓர் ‘அனுப்பு’ பொத்தானையும் வையுங்கள். நாங்கள் சேர்த்த வசதிகளிலேயே பயனர்களுக்கு அதிக நிம்மதி தந்தது இந்த ஒற்றை எண்தான்.

6. இப்போது ஃபிரேம்வொர்க்கைப் பாருங்கள்

மேலே எழுதிய ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கேள்விகள்: எஸ்கியூலைட்டை நேரடியாகத் திறக்கவும், பின்னணி வேலையை அமைக்கவும், தமிழ் எழுத்தைச் சரியாகக் காட்டவும் இதில் முடியுமா? என் குழுவில் இந்த மொழியை எழுதத் தெரிந்தவர் குறைந்தது இருவர் உண்டா?

ஆண்ட்ராய்டு மட்டும் போதுமென்றால் கோட்லின் மொழியும், எஸ்கியூலைட்டைக் கையாளும் ரூம் நூலகமும் நேர்வழி. இடையில் வேறொரு அடுக்கு இல்லாததால், கூகுள் புதிய விதி கொண்டுவரும்போது இன்னொருவருடைய புதுப்பிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் செயலிக்கு இதைத்தான் எடுத்தோம். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

இரண்டு தளமும் வேண்டும், குழு சிறியது என்றால் ஃபிளட்டர். 2018 டிசம்பரில் முதல் நிலையான பதிப்பு வந்தது. டிரிஃப்ட் நூலகத்தின் வழியாக எஸ்கியூலைட்டை நன்றாகக் கையாளலாம். திரையைத் தானே வரைவதால் இரண்டு தளத்திலும் தோற்றம் ஒன்றாக இருக்கும். அதை எழுதும் டார்ட் மொழி வேறெங்கும் அதிகம் பயன்படாது என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள், குழுவிலிருந்து ஒருவர் போனால் அடுத்தவரைத் தேடுவது கடினம்.

குழுவில் எல்லோரும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் என்றால் ரியாக்ட் நேட்டிவ். 2024 அக்டோபரில் வந்த 0.76 பதிப்பிலிருந்து அதன் புதிய உள்ளமைப்பு இயல்பாகிவிட்டது. பழைய பிளகின்கள் (பிறர் எழுதித் தரும் துணை நிரல்கள்) சில அதனோடு ஒத்துப்போகாததால், இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களைப் பார்த்து நூலகங்களைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து.

கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பரில் நிலையானதாக அறிவிக்கப்பட்டது. இன்று ஆண்ட்ராய்டு, நாளை ஐபோன் என்பவர்களுக்கு இது பொருந்தும்: கணக்கு விதிகளையும் தரவு அடுக்கையும் பொதுவாக்கி, திரைகளை அந்தந்தத் தளத்தில் எழுதலாம்.

இணையச் செயலியாகவே செய்து போனில் பதிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முதல் நிலைக்கு அது போதும். ஆனால் சஃபாரியில், முகப்புத் திரையில் சேர்க்கப்படாத தளத்தைப் பயனர் ஏழு நாள் தொடாவிட்டால் அது சேமித்தவை அழிக்கப்படலாம். மூன்றாம் நிலைத் தரவை அங்கே ஒப்படைக்க என் மனம் ஒப்பாது.

7. பராமரிப்பைச் சோதியுங்கள்

பெரிய நிறுவனம் பின்னால் இருப்பது மட்டும் உறுதியாகாது. அடோபி நிறுவனம் ஃபோன்கேப் என்ற ஃபிரேம்வொர்க்குக்கான ஆதரவை 2020-இல் விலக்கிக்கொண்டது. சமாரின் என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்குக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 மே 1-ஆம் தேதியோடு நிறுத்தியது. இரண்டுக்கும் மாற்று வழி இருந்தது, ஆனால் அந்த மாற்றம் இலவசமாக நடக்கவில்லை.

ஃபிரேம்வொர்க்கைவிட முன்னால் சாவது பிளகின். நீங்கள் சேர்க்கப்போகும் ஒவ்வொரு பிளகினுக்கும் கடைசி வெளியீடு எப்போது, பராமரிப்பவர் எத்தனை பேர், அது நின்றுபோனால் நீங்களே எழுத எத்தனை நாள் ஆகும் என்று எழுதுங்கள். மூன்றாவதற்கு விடை தெரியாத பிளகின் வேண்டாம்.

கூகுள் பிளேயில் இலக்கு ஏபிஐ நிலையை (செயலி எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்காக எழுதப்பட்டது என்று காட்டும் எண்ணை) ஆண்டுதோறும் உயர்த்த வேண்டியுள்ளது. 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும் ஆண்ட்ராய்டு 15-ஐ, அதாவது ஏபிஐ 35-ஐ, இலக்காகக் கொள்ள வேண்டும் என்று விதி வந்தது. அத்தகைய செயலிகளில் உள்ள நேட்டிவ் நூலகங்கள் (சி போன்ற மொழிகளில் எழுதப்பட்டவை) 16 கேபி நினைவகப் பக்க அளவுக்கும் ஒத்துப்போக வேண்டும் என்ற நிபந்தனையும் 2025 நவம்பர் 1 முதல் சேர்ந்தது. நீங்கள் உள்ளே வைத்து அனுப்பும் எஸ்கியூலைட்டும் மறைக்குறியீட்டு நூலகமும் இதில் அடங்கும் என்பதால், அவற்றின் பதிப்பையும் இப்போதே பாருங்கள்.

8. இரண்டு ஃபிரேம்வொர்க்கில் ஒரே திரையைச் செய்து பாருங்கள்

பட்டியலில் எஞ்சிய இரண்டில், ஏலப் பதிவு போன்ற ஒரே ஒரு திரையை மட்டும் செய்யுங்கள். அழகு வேண்டாம். முதலில் வாங்கி வைத்த அந்த மெதுவான போனில் ஏற்றி, 50,000 பதிவுகளை நிரப்பி, ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.

பதிவை எழுதிய கணமே செயலியை வலுக்கட்டாயமாக மூடித் திறந்து பாருங்கள்: பதிவு இருக்கிறதா? வைஃபை இணைந்திருந்தும் இணையம் வராத ரவுட்டரில் இணைத்துப் பாருங்கள்: ‘இணைப்பு இருக்கிறது’ என்று நம்பிக்கொண்டு செயலி தொங்குகிறதா? போனின் சேமிப்பிடத்தைப் படங்களால் நிரப்பிவிட்டு எழுதிப் பாருங்கள்: பிழையைச் சொல்கிறதா, சொல்லாமல் விழுங்குகிறதா? தமிழ்ப் பெயர்களைத் தமிழ் விசைப்பலகையிலும் குரல் வழியிலும் உள்ளிடுங்கள். இந்தச் சோதனைகளில் தோற்ற ஃபிரேம்வொர்க்கை, எவ்வளவு பிடித்திருந்தாலும், விட்டுவிடுங்கள்.

9. பிரியும் வழியை முதல் நாளே கட்டுங்கள்

அட்டவணைகளை உருவாக்கும், மாற்றும் கட்டளைகளைத் தனி எஸ்கியூஎல் (தரவுத்தளக் கட்டளை மொழி) கோப்புகளாக எண்ணிட்டு வையுங்கள், நிரலுக்குள் புதைக்காதீர்கள். பங்கு பிரிக்கும் விதி, கமிஷன் கழிக்கும் விதி ஆகியவை திரையைப் பற்றி எதுவும் அறியாத தனிக் கோப்புகளில் இருக்கட்டும். பழைய நோட்டிலிருந்து இருபது கணக்குகளை எடுத்து, உள்ளீடும் விடையுமாகச் சோதனைக் கோப்பாக்குங்கள். ஃபிரேம்வொர்க் மாறும் நாளில் எஸ்கியூஎல் கோப்புகளும் இந்த இருபது கணக்குகளும் அப்படியே உங்களோடு வரும். திரைகளை மட்டும் புதிதாக எழுதினால் போதும்.

10. புதிய பதிப்பை எப்போது வெளியிடுவது

செயலியை நீக்கினால் உள்ளே இருக்கும் தரவும் போய்விடும். கூகுளின் தானியங்கிக் காப்பு ஒரு செயலிக்கு 25 எம்பி வரைதான். எனவே சிக்கல் வந்தால் ‘நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள்’ என்று பயனரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். அனுப்பாதவை பூஜ்யம் என்று பார்த்த பிறகே எதையும் தொடச் சொல்லுங்கள்.

அட்டவணை அமைப்பை மாற்றும் பெரிய பதிப்பை, வேலை நடக்காத காலத்தில் வெளியிடுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், போன்கள் எல்லாம் கைக்கு எட்டும், தவறு நேர்ந்தாலும் திருத்த நேரமிருக்கும். உங்கள் பயனர்களுக்கும் இப்படி ஒரு காலம் இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மற்ற மாதங்களில் சிறிய திருத்தங்களை வெளியிடும்போது, பழைய பதிப்போடு கடலுக்குப் போன போன் சில நாள் கழித்துப் பழைய வடிவில்தான் பதிவுகளை அனுப்பும். சர்வர் அவற்றை ‘பதிப்பு பழையது’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஒவ்வொரு பதிவோடும் அட்டவணை அமைப்பின் பதிப்பு எண்ணைச் சேர்த்து அனுப்புங்கள். குறைந்தது முந்தைய மூன்று அமைப்புகளையாவது ஏற்றுக்கொண்டு, புதிய வடிவுக்கு மாற்றும் வேலையைச் சர்வரே செய்யட்டும்.